மூடியில்லாத இஸ்டூ

ஒரு இஸ்டூவை எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்று எங்கள் வீட்டில் நான்கு நாள் சண்டை நடந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமான சண்டை. அப்பாவும் அம்மாவும் முகம் கொடுத்துப் பேசாமல், ‘அவருகிட்ட சொல்லு’, ‘உங்கம்மாவக் கேளு’ என்று என்னைத் தபால்காரி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருந்தோம். சுரங்கத்தை மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

சண்டைக்குக் காரணம் அத்தை, அப்பாவின் தங்கை. குழந்தை இல்லை என்று புருஷன் வீட்டில் பேச்சு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். வந்த நாள் முதல் நான் அவள் பாயில்தான் தூங்கினேன். தலை வாருவதும் அவள்தான், வாய்ப்பாடு ஒப்பித்தால் கேட்பதும் அவள்தான். அம்மா வாரினால் வலிக்கும், அத்தை வாரினால் தூக்கம் வரும்.

அந்த அத்தைக்கு, பங்காருப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை வரும்போல் இருந்தது. தங்கிக்கொள்ள ஓர் அறையும் உண்டு. ஆனால் வார்டன் அம்மா கறாரான ஆள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வருகிறேன், பத்துப் பேர் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது ஆக்கி வை, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அத்தை யோசிக்காமல் இஸ்டூ என்றாள். ஆட்டெலும்பு, உருளைக்கிழங்கு, கேரட், மிளகு, கடைசியில் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால். எந்தத் துரை வீட்டு அடுப்பிலிருந்து எங்கள் லைனுக்கு வந்ததோ, இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்ந்து அது எங்கள் குழம்பாகவே ஆகிவிட்டிருந்தது.

இஸ்டூ சரி, பாத்திரம்? வீட்டிலிருந்த ஒவ்வொன்றையும் அத்தை விரல் கணுவால் தட்டிக் கேட்டாள். அலுமினிய தேக்சா ‘டங்’ என்றது. வெறும் காகிதம், எலும்பு வேகுமுன் அடிபிடித்துவிடும் என்று தள்ளினாள். அம்மாவின் கல்யாணப் பித்தளை அண்டாவில் ஈயம் போயிருந்தது. களிம்பேறினால் வார்டன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார் என்றாள். அம்மா தன் அண்ணன் கொடுத்த பிரஷர் குக்கரைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். அதுவரை பிரிக்கவே இல்லை.

அப்பாவின் கட்சி வேறு. அவர் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். வேலை போகும் முன், வேண்டாமென்று போட்டிருந்த பம்ப் குழாயை அறுத்து, அடியில் கனத்த தகடு வைத்து, வெல்டிங் பிடித்து ஒரு சட்டி செய்திருந்தார். மூடியும் தகடுதான், பிடிக்க ஒரு பெரிய போல்ட். அதில் நாங்கள் குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தோம். அத்தை அதைத் தட்டினாள். ‘தொம்’ என்றது.

‘இதான் அண்ணி. அடியும் கனமா கீது, மூடியும் கனமா கீது. சூடு மெள்ள ஏறும், மெள்ள எறங்கும். எலும்புக்கு அவசரம் ஆவாது.’

‘நல்லாக் கீதே!’ என்றாள் அம்மா. ‘இதை அடுப்புல ஏத்தி எறக்க கேஜ் வேணும்.’ சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய லிஃப்டுக்குத்தான் எங்கள் ஊரில் கேஜ் என்று பேர். ‘சட்டியில இருந்தா அகப்பையில வரும். எந்தச் சட்டின்னா இன்னா?’

நான்காம் நாள் அம்மா இறங்கிவந்தாள். இரும்புச் சட்டியே ஜெயித்தது. இந்த ஊரில் அப்பா செய்த ஒன்று கடைசியாக ஜெயித்ததே என்று அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு. சாம்பல் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரே கணக்கு: இஸ்டூ நன்றாக வந்தால் அத்தை போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லோரும் காய் நறுக்குவதில் மும்முரமாக இருந்தபோது, சட்டியின் மூடியை இழுத்துக்கொண்டுபோய்க் குளியலறைக்குப் பின்னால் கோணிப்பைகளுக்கு அடியில் செருகிவிட்டேன். சட்டியையே ஒளித்திருப்பேன், தூக்க முடியவில்லை.

மூடியைத் தேடாத இடமில்லை. தாம்பாளத்தை வைத்துப் பார்த்தார்கள், சட்டிக்குள் விழுந்தது. நானும் கூடவே தேடினேன். கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்து, ‘இங்க இல்ல அத்தே’ என்று வேறு சொன்னேன். மூடாமல் வைத்தால் தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும், எலும்பு வேகாது. மணி பதினொன்று ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் அத்தை குக்கரைப் பிரித்தாள். பத்துப் பேருக்கான எலும்பையும் காயையும் கழுத்துவரை அடைத்து, அம்மா மூடியைத் திருகிக் கேஸ் அடுப்பில் வைத்தாள். விசில் வரும் என்று காத்திருந்தோம். வரவே இல்லை. ஓட்டையை ஏதோ அடைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வெடித்தது பாருங்கள் ஒரு சத்தம்! வால்வு பிய்த்துக்கொண்டு போய்க் கூரைத் தகரத்தில் அடித்தது. அடுப்படியில் அந்த நேரம் யாரும் இல்லாதது எங்கள் நல்ல காலம். அப்பா ஓடிப்போய் கேஸை மூடினார்.

வெளியே பார்த்தால் லைன் முழுக்கத் தெருவில் நிற்கிறது. பாறை அழுத்தத்தில் சுரங்கம் உள்ளே வெடிக்கும்போது, மேலே எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் உருளுமாம். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். நான் அதைக் கேட்டதில்லை, அவர்கள் கேட்டவர்கள். எதிர்வீட்டுக்காரர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, ‘எந்த ஷாப்ட்டு? எந்த லெவல்லு?’ என்று கத்தினார். பெண்கள் மார்பில் கை வைத்துக்கொண்டு சுரங்க வாய் இருந்த பக்கம் பார்த்தார்கள். அப்பாகூட வாசலில் நின்று எங்கள் தலைகளை எண்ணினார். சுரங்கம் மூடிக் கிடப்பது அந்த ஒரு நிமிடம் ஒருவருக்கும் நினைவில்லை.

‘ஷாப்ட்டும் இல்ல, லெவலும் இல்ல’ என்றாள் அம்மா. ‘எங்க குக்கருதாங்க!’

அப்புறம் சிரித்தார்களே ஒரு சிரிப்பு, எதிர்வீட்டுக்காரர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார் வார்டன் அம்மா.

அவர் அடுப்படிக்குள் தலையை நீட்டி, கூரையில் ஒட்டியிருந்த கேரட்டை அண்ணாந்து பார்த்தார். அத்தை சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ‘போச்சு அண்ணா’ என்று மட்டும் சொன்னாள். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. யாரையும் பார்க்காமல் ஓடிப்போய், கோணிக்கு அடியிலிருந்து மூடியை உருவி, இரண்டு கையாலும் இழுத்துவந்து அவள் முன்னால் போட்டேன்.

அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள், இன்றைக்கும் உறைக்கிறது. அத்தை மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

‘கெடச்சிடுச்சா கண்ணு?’ என்று எழுந்தாள். ‘போ, விறகு எடுத்தா.’

நல்லவேளை, சாறும் கரைந்த காயும்தான் கூரைக்குப் போயிருந்தன, எலும்பெல்லாம் உள்ளேயே கிடந்தது. தெருவில் நின்ற லைன் சும்மா இருக்குமா? ஒரு வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு, ஒரு வீட்டிலிருந்து இஞ்சி, எதிர்வீட்டிலிருந்து அரை மூடித் தேங்காய். அந்நியரிடம் வாயே திறக்காத அப்பா, ‘ரெண்டு மணி நேரம் குந்துங்க மேடம், சாப்ட்டுத்தான் போவணும்’ என்று நாற்காலி போட்டார்.

‘ஆகட்டும்’ என்றார் வார்டன் அம்மா. ‘ஹாஸ்டல்ல தினம் ஒண்ணு கொட்டும், ஒண்ணு ஒடையும். அப்போ இவங்க என்ன பண்றாங்கன்னுதான் நான் பாக்கணும்.’

கொல்லையில் விறகடுப்பில் சட்டி ஏறியது. அத்தை தீயைத் தணித்துத் தணித்து வைத்தாள். இரண்டு மணிக்கு மூடியைத் தூக்கினாள். அந்த வாசனைக்கு நாலு வீட்டு நாய் வந்துவிட்டது. வார்டன் அம்மா சாப்பிட்டார், இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, அடுத்த வாரம் வந்துவிடு, சட்டியையும் கொண்டு வா என்றார். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

போகும்போது வார்டன் அம்மா, பிள்ளைகள் எத்தனை என்று கன்னடத்தில் கேட்டார். அத்தை கொஞ்சமும் தயங்காமல், ‘ஒப்பளே மகளு’ என்றாள். ஒரே ஒரு மகள்.

பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிக்கிற எனக்கு அது புரியாமலா போகும்? தூக்கிவாரிப் போட்டது. அத்தைக்கு ஒரு பெண் இருக்கிறாள்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! அந்த வாரம் முழுக்க நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அந்த விடுதியில்தான் அவளை வைத்திருக்கிறாள், அதனால்தான் இப்படித் துடிக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். இனி அவள்தான் அத்தையின் பாயில் தூங்குவாள், இஸ்டூவை முதலில் அவள்தான் சாப்பிடுவாள்.

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் அப்பா சட்டியையும் தகரப் பெட்டியையும் ரயிலில் ஏற்றினார். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

‘உன் பொண்ணு பேரு இன்னா அத்தே?’

அவள் ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு சிரித்தாள், கண் நிறைந்துவிட்டது. கம்பி வழியே கையை நீட்டி, என் கன்னத்தைப் பிடித்து, என் பெயரைச் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவா வேண்டும்? ஊரில் எத்தனையோ பெயர் இருக்க, என் பெயரையே எடுத்து அவளுக்கு வைத்திருக்கிறாள்! வண்டி கிளம்பியது. அத்தை கண் மறைகிறவரை கையை ஆட்டிக்கொண்டே போனாள். நான் ஆட்டவில்லை.