கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொன்ன நாட்கள்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் ஜெராமுக்கும் கோலசிலாங்கூருக்கும் இடையே ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்தில் ஒரே வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிப் பன்னிரண்டு வீடுகள். அதில் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். குடும்பம் என்றால் நானும் என் மனைவியும். பிள்ளை குட்டி இல்லை. நான் செய்த மடத்தனத்துக்கெல்லாம் அந்த 'ஒன்றுதான்' என்ற நினைப்பே காரணம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மழைநாள் காலையில் அவள் குளிக்கிற இடத்துச் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சில வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் இரண்டு மாதம் எழுந்திருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும், புண் உள்ளே இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று அங்கிருந்த மிஸ்ஸி சொன்னார். தாதியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "வீட்டுல வேற யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன்" என்றேன், என்னமோ நான் பத்துப் பேர் மாதிரி.

பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தைக்காரி. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். என்னை அண்ணன் என்பாள். முதல் நாளே வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க லோரிக்குப் போங்கண்ணே. பகல்ல அக்காவ நான் பாத்துக்கறேன்."

"வேணாம்மா. கர்த்தர் பார்த்துக்குவாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பின்னால் ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள், இன்னொருத்தி மீன் குழம்பு கொண்டுவந்தாள். எல்லாருக்கும் அதே பதில். லயமே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களிடம் போய்க் கை நீட்டினால், என் ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று ஆகாதா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, 'யார் வாசலிலும் போய் நிற்காமல் கர்த்தர் நடத்தினார்' என்று சாட்சி சொல்ல எனக்கு ஆசை. கர்த்தர் பெயரைச் சொல்லிக்கொண்டு என் வீம்பை வளர்த்தேன், வேறென்ன.

காலையில் அவளைப் பக்கம் மாற்றிவிட்டு வேலைக்குப் போவேன். பத்து மணிக்கு லோரியை லயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஓடிவருவேன். ஆலையில் பழம் இறக்க வரிசை நீண்டுவிட்டால் மதியம் இரண்டு ஆகிவிடும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு பக்கம் கத்துவார், நான் ஒரு பக்கம் கத்துவேன். இரவுக்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். பாதி நாள் அது அடிக்கவே இல்லை. கண் விழித்தால் விடிந்திருக்கும். விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "அவள் இடுப்பைச் சுகமாக்கும் ஆண்டவரே, எனக்குப் பெலன் தாரும், இன்னும் பெலன் தாரும்" என்பதுதான் அப்போது என் ஜெபம்.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை மதியம், பக்கத்து வீட்டுப் பெண் மறுபடி வந்தாள். இடுப்பில் குழந்தை. முகம் சரியில்லை. நான் வழக்கம்போல் வாயைத் திறந்தேன்.

"தெரியும்ணே, கர்த்தர் பார்த்துக்குவாரு. நீங்க பாக்க விட்டாத்தானே!" என்றாள். "நம்ம வீட்டுச் செவுரு கூரை வரைக்கும் இல்ல, தெரியும்தானே? பகல்லாம் அக்கா அழறது எங்க வீட்டுல கேக்குது. உங்க லோரி சத்தம் கேட்டதும் நின்னுடுது."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் மனைவியைப் புரட்டி, முதுகுக்குக் கீழே நன்றாகப் பார்த்தேன். ஐம்பது காசு அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதன் நடுவே சீழ்.

"ஏன்டி சொல்லல?" கோபமாகத்தான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

"நீங்க அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. அலாரத்தையும் நான்தான் அமத்தி வச்சேன்."

அப்படியே கட்டில் ஓரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனுசனுக்கு ரெண்டு கைதான், ஒரு நாளைக்கு இவ்வளவு தூக்கம் வேண்டும் என்று என்னைப் படைத்தவருக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அவளைக் கொன்றிருப்பேனே.

எழுந்து வாசலுக்கு வந்து, "என்னால முடியலம்மா" என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேனா, ஆண்டவரிடம் சொன்னேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பதில் சொன்னது அவள்தான். "இந்தாங்க, புள்ளையப் புடிங்க. கொஞ்சம் வெளிய நில்லுங்கலா" என்று குழந்தையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து பகலெல்லாம் அவள். சாயங்காலம் மற்ற பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் நாள் தவறாமல் வந்து புண்ணைக் கழுவி மருந்து போட்டார். பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள், தலை வாரினார்கள், சிரிக்க வைத்தார்கள். ஒருத்தியாவது உங்கள் சாமி எங்கே என்று கேட்கவில்லை. ஒரு மாதத்தில் புண் ஆறியது. அந்தப் பெண்களை நினைக்காமல் இன்றுவரை நான் சாப்பாட்டுக்கு ஜெபித்ததில்லை. ஸ்தோத்திரம், ஆயிரம் ஸ்தோத்திரம்.

என் மனைவி கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் கோப்பி குடித்துக்கொண்டே கேட்டேன்: "எந்நேரமும் உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சே, இடுப்பு சரியாகணும்னுதானே ஜெபம் பண்ணின?"

"அத நீங்கதான் வேண்டிக்கிட்டு இருந்தீங்களே" என்றாள். "இந்த மனுசன் யாரையாவது உள்ள விடணும் ஆண்டவரேன்னு நான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

எங்கள் இருவர் ஜெபத்தையும் ஆண்டவர் கேட்டார். அவளுடையதைத்தான் முதலில் கேட்டார்.