பத்துத் தடவைக்குப் பத்துப் புளியங்கொட்டை

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒன்பது வரி, மூன்று பிழை. ஆண்டு மலருக்கு மாணவர்களுக்கான படிக்கும் முறைகளை எழுதித் தரவேண்டுமாம். என்னென்ன எழுதலாம் என்று அவர்களே குறித்தும் கொடுத்திருந்தார்கள். விடியுமுன் எழ வேண்டும், வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். முதலாவதை விட்டுவிட்டேன்; எழுகிறவன் எழட்டும். மற்ற இரண்டையும் சிவப்பு மையால் அடித்தேன். அடித்ததற்குக் காரணம் கேட்பார்கள். அதைத்தான் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எழுபதுகளின் நடுப்பகுதி. அப்போது பதினோராம் வகுப்பில்தான் பொதுத் தேர்வு. வில்லாபுரத்தில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசல், நடுவில் ஒரு கிணறு, சுற்றி ஏழு வீடுகள், படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர். காலை ஐந்தரை மணிக்கு ஐந்து பேரும் ஐந்து பாடங்களைக் கத்துவோம். ஒருவன் அமிலத்தைக் கத்துவான், ஒருத்தி நதிகளைக் கத்துவாள். எந்த வீட்டில் சத்தம் அதிகமோ அந்த வீட்டுப் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று பெயர். மூன்றாம் வீட்டுப் பையன் என் வகுப்புதான். அவன் குரல் அவனியாபுரம் சாலை வரைக்கும் போகும். அவன் அப்பாவுக்கு அதில் அப்படியொரு பெருமை.

என் அப்பா தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். எதற்கும் ஒரு விதி வைத்திருப்பார். ஒவ்வொரு பாடத்தையும் நான் பத்துத் தடவை சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது எனக்கான விதி. அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் கணக்கு வைப்பது அம்மாவின் வேலை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. நான் ஒரு தடவை படித்து முடித்தால் அடுப்படியிலிருந்தபடியே பித்தளைத் தட்டில் ஒரு கொட்டையைப் போடுவாள். டிங். பத்து டிங் ஆனால் அடுத்த பாடம். டப்பாவில் எண்பத்து மூன்று கொட்டைகள் இருந்தன. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

விதியை நான் மீறவில்லை. ஒரு தடவைகூடக் குறைக்கவில்லை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து காலாண்டுத் தேர்வுத் தாள்களைக் கொடுத்தார்கள். சரித்திரம் இருபத்தேழு, விஞ்ஞானம் முப்பத்தொன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். கணக்கில் மட்டும் நாற்பத்தெட்டு. மற்ற பாடங்களில் ஒருமாதிரி கரையேறியிருந்தேன்.

அப்பா கத்தவில்லை. விதியைத்தான் சொன்னார்.

"அரையாண்டுல ஒரு பாடம் போச்சுன்னாலும் படிப்பு அம்புட்டுதான். பேரையூர்ல பெரியப்பா உரக்கடைக்கு ஆள் தேடிக்கிட்டிருக்காரு. நீ மூட்டை தூக்கு. நான் லெட்டர் போட்டுர்றேன்."

"பத்துப் பத்துத் தடவ படிச்சேனேப்பா."

"படிச்சவன் எப்பிடிடா இருபத்தேழு வாங்குவான்?"

அதே கேள்விதான் எனக்கும். அவர் அதை என்மேல் வைத்தார். நான் அந்தப் பத்தின்மேல் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், பத்துத் தடவை படித்த சரித்திரப் பாடம் ஒன்றை, நாலாவது பாடத்தை, எடுத்தேன். அதில் நினைவில் நிற்க வேண்டியவை என்று நானே கோடிட்ட செய்திகள் இருபத்து நான்கு. புத்தகத்தை மூடிவிட்டு, அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டு வரும் ஒருபக்கம் எழுதிய பழைய தாள்களில் ஒன்றில் எழுதிப் பார்த்தேன். ஐந்து வந்தது. அதிலும் ஒன்று தப்பு. வாயில் பத்துத் தடவை போனது, தலையில் நான்குதான் நின்றிருந்தது.

அடுத்த நாள் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாடம் படிக்கிற அதே ராகத்தில், திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று ராகு காலத்தை ஏழு நாளுக்கும் படித்து நிறுத்தினேன்.

டிங்.

மறுபடியும் படித்தேன். டிங். மூன்றாவது தடவை முடிந்ததும் அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏய்யா, ராகு காலத்துக்குமா பரிட்சை வைக்கிறாக?"

"தெரிஞ்சுமா கொட்டையப் போட்ட?"

"எழுத்துத் தெரியாதுன்னா ராகு காலமுமா தெரியாது? நீ நிறுத்துன, நான் போட்டேன். நிறுத்துனாப் போடுன்னுதான் உங்கப்பா சொன்னாரு. என்ன படிக்கிறான்னு பாருன்னா சொன்னாரு?"

அவள் சொன்னது சரி. எந்தக் கணக்கிலும் எதை எண்ணுகிறோம் என்று முதலில் கேட்க வேண்டும். நாங்கள் எண்ணியது நான் வாயை மூடிய தடவைகளை.

அன்றிலிருந்து சாயங்காலம் நான் கத்தவில்லை. கிணற்றடியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒரு பாடத்தைச் சத்தமில்லாமல் இரண்டு தடவை படிப்பேன். மூடுவேன். எழுதுவேன். திறந்து பார்த்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பென்சிலால் தாளின் ஓரத்தில் குறிப்பேன். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் படித்து, மறுபடியும் மூடி எழுதுவேன். நான்கு நாள் கழித்து இன்னொரு தடவை. அந்த நாலாவது பாடத்தில் முதல் தடவையே இருபத்து நான்கில் பதினேழு வந்தது. மூன்று பாடங்களில் சோதித்தேன், பதினைந்துக்குக் கீழே போகவில்லை. காலையில் அப்பா இருப்பார், அப்போது மட்டும் கத்தினேன். சாயங்காலம் அம்மா தட்டில் பத்துக் கொட்டையைக் கொட்டி வைத்துவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

இருபது நாள் ஓடியது. மூன்றாம் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது வளவு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பய ஊருக்குப் போயிட்டானா?"

"இங்கதான இருக்கான். ஏன்?"

"இல்ல, சாயங்காலத்துல சத்தத்தையே காணோமேன்னு கேட்டேன். எங்க வீட்டுப் பய கத்துறதுல எனக்குத்தான் காது போச்சு. நீங்க குடுத்து வச்சவரு."

அப்பா நேரே கிணற்றடிக்கு வந்தார். "ஏழு வீட்ல ஆறு வீட்டுச் சத்தம் ரோட்டுக்குக் கேக்குது. நம்ம வீடு மட்டும் எழவு விழுந்த மாதிரி கெடக்கு. என்னடா பண்ணுற?"

ஏழில் நான்கு வீட்டில்தான் படிக்கிற பிள்ளைகள் என்று திருத்த நினைத்தேன். திருத்தவில்லை. "எழுதிப் பாக்குறேன்ப்பா" என்றேன்.

"படிக்காம எத எழுதுற?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கல்லின்மேல் இருந்த நாற்பத்தாறு தாள்களையும் அள்ளி, வெந்நீர் அடுப்பில் போட்டார். அவருக்கு அவை கிறுக்கல். எனக்குத் தெரியாதவை எவை என்று எனக்குக் காட்ட உலகத்திலேயே இருந்த நாற்பத்தாறு தாள்கள் அவைதான். அரையாண்டுக்கு இன்னும் இருபத்தாறு நாள். ஒரு பாடம் போனாலும் பேரையூர்.

எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குள் போய்ச் சரித்திரப் புத்தகத்தைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். "நாலாவது பாடம். கோடு போட்டது இருபத்துநாலு. நீங்க புஸ்தகத்த வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். நான் எழுதி நீட்டிய இரண்டு தாள்களையும் புத்தகத்தோடு வரிவரியாக விரலை வைத்து ஒத்துப் பார்த்தார். அலுவலகத்தில் செய்கிற வேலைதானே, தப்பவிடமாட்டார்.

"பத்தொம்போது இருக்கு. மிச்சம் அஞ்சு?"

"அது நாளைக்கு."

"பத்துத் தடவ கத்தியிருந்தா அந்த அஞ்சும் இன்னைக்கே வந்திருக்கும்."

"கத்துனப்ப நாலுதான்ப்பா வந்துச்சு."

அடி விழும் என்று அம்மா பாதி வழி வந்துவிட்டாள். விழவில்லை. "கையெழுத்தப் பாரு, கோழி கிண்டுன மாதிரி" என்றார் அப்பா. பிறகு புது விதி சொன்னார். "காலைல சத்தம் கேக்கணும். சாயங்காலம் எப்படியும் போ. ஆனா பேரையூர் பேரையூர்தான்."

எரிந்ததை மறுபடியும் எழுதினேன். முதலில் எழுதியதைவிடச் சீக்கிரமாக எழுத முடிந்தது.

அரையாண்டுத் தேர்வு முடிந்து, விடுமுறையும் முடிந்து தாள்கள் வந்தன. சரித்திரம் ஐம்பத்து நான்கு. விஞ்ஞானம் நாற்பத்தேழு. கணக்கு முப்பத்தேழு. மற்றவை எல்லாம் முப்பத்தைந்துக்கு மேல். கணக்கில் பதினொன்று குறைந்தது என் தப்பு. இரண்டு பாடத்தைப் பிடிப்பதற்கு ஓடியதில் அதை விட்டுவிட்டேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாம் வீட்டுப் பையனுக்குச் சரித்திரத்தில் அறுபத்தொன்று. கத்தியே வாங்கினான். இதை எழுதாமல் விட்டால் என் கட்சி பலமாக இருக்கும். ஆனாலும் அறுபத்தொன்று அறுபத்தொன்றுதான். அன்று சாயங்காலமே கிணற்றடியில் வைத்து அந்தத் தேர்வில் வந்த நான்கு கேள்விகளை அவனிடம் கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. "மாப்ள, பரிட்சதான் முடிஞ்சிருச்சேடா" என்று சிரித்தான். மார்ச்சில் பொதுத் தேர்வுக்கு அதே பாடங்கள் மறுபடி வரும் என்று சொன்னேன். மறுபடி கத்திக்கொள்வதாகச் சொன்னான்.

அப்பா தாள்களை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

"கணக்குல ரெண்டு மார்க்குல தப்பிச்ச."

"தப்பிச்சேன்ல?"

அவர் தாள்களை மடித்து என்னிடமே கொடுத்தார். பேரையூருக்கு லெட்டர் போகவில்லை. ஆனால் சத்தமாகப் படித்திருந்தால் அறுபது வந்திருக்கும் என்றுதான் கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கடைசிவரைக்கும் இல்லை என்றேன். இப்போதும் இல்லை என்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தட்டில் ஏதோ இருந்தது. அம்மா அந்தப் புளியங்கொட்டைகளை வறுத்து, தோலைத் தட்டி எடுத்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருந்தாள். வழக்கப்படி எண்ணினேன். எண்பத்தொன்று.

"ரெண்டு கொறையுதே?"

"ஊறிருச்சான்னு நான் ரெண்டு தின்னு பாத்தேன். அதுக்கும் கணக்கா?"

அப்பா வந்து நான்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எந்தக் கொட்டை என்று கேட்டார். அம்மா சொன்னாள். மென்றுகொண்டே அவளிடம் கேட்டார்.

"அப்ப இனிமே எத வச்சு எண்ணுவ?"

"அவனே எண்ணிக்கிறான்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். மிச்சமிருந்த எழுபத்தேழையும் நான்தான் தின்றேன்.