நாலு விரற்கடை பின்னால்

இன்னாசி அண்ணாச்சியின் மகள் ஜெனிட்டா போன் செய்தபோது நான் மாடியில், லென்ஸ் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போடும் சிலிக்கா மணிகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். கடற்காற்றுக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும் என்று மாதந்தோறும் செய்கிற வேலை.

“மாமா, அப்பா போயிட்டாவ. விடியக்காலம் தூக்கத்துலயே.” சற்று நேரம் அழுதாள். பிறகு, “போஸ்டருக்கு ஒரு படம் வேணும் மாமா. ஒங்ககிட்ட இல்லாமலா இருக்கும்?” என்றாள்.

“இருக்கும்மா,” என்றேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ஞாயிறு காலைகளில் எங்களோடு கேமரா தூக்கி நடந்தவர்கள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் அண்ணாச்சியும் நானும் அடுத்தடுத்த மேஜையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதையும், அதன் பிறகும் பிரியாமல் சுற்றியதையும் அறிந்தவர்கள். என் பதிலை நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

அவருடைய ஃபிலிம் கேமராவோடு வந்த அந்தப் பழைய ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குள் மோட்டார் கிடையாது; கேமராவின் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். தெருவுக்கே கேட்கும்படி கரகரவென்று ஓடும். என் டிஜிட்டல் கேமராவில் அந்த மோட்டார் இருந்ததால், லென்ஸ் ஒரு வாரம் அவரிடமும் ஒரு வாரம் என்னிடமும் இருந்தது. “இது ஒம்ம மாதிரிவே,” என்பார். “கண்ணாடி நல்ல கண்ணாடிதான். உள்ள மோட்டாரு கிடையாது. யாராவது திருகிவிடணும்.”

திருகிவிட்டவர் அவரே. சங்கு குளிப்பவர்கள் கரையேறும் இடத்தில் ஒருநாள், படம் எடுக்க அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு ஒரு தோணியின் மறைவில் நின்றேன். அவர் உரக்கக் கூவினார்: “ஏலே மக்கா, இங்கன ஒரு சார்வாள் ஒளிஞ்சு நிக்காரு! படம் எடுக்கணுமாம், கேக்க வெக்கமாம்!” குளிகாரர் ஒருவர், “இப்படி ஒளிஞ்சு நின்னா சங்கும் கிடைக்காது, படமும் கிடைக்காது சார்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் பாராட்டிய என் படம் அந்தச் சிரிப்புதான்.

ஃபிலிமில் சிறிய பிரிண்ட் போட்டபோது தெரியாத அந்த லென்ஸின் குறை ஒன்று, டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கியதும் தெரிந்தது. குறிவைத்த இடத்தைவிட நாலு விரற்கடை பின்னால் போய்த் துல்லியம் விழுந்தது. இதைத் திருத்தக் கேமராவிலேயே வசதி உண்டு. ஒவ்வொரு முறை லென்ஸ் என்னிடம் வரும்போதும் நான் சோதித்துப் பார்ப்பேன். அண்ணாச்சியை நிறுத்தி, தாடைக்குக் கீழே செய்தித்தாளைப் பிடிக்கச் சொல்லி, எழுத்தில் குறிவைப்பேன்; எழுத்து தெளியும்வரை திருத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பேன். தாள் கிடைக்காத நாளில் மக்ரூன் பொட்டலம். அவரும் பிடித்துக்கொண்டு நிற்பார். “சீக்கிரம்வே, மக்ரூன் நமத்துப் போவுது.”

அன்று கணினியைத் திறந்தேன். வரிசைப்படி பெயரிட்ட கோப்புறைகள். படத்துக்குப் படம் செய்தித்தாள் தெளிவாக இருந்தது. வரி விளம்பரம்வரை வாசிக்க முடிந்தது. அதற்குப் பின்னால் புகைபோல ஒரு மீசை. எழுத்து மங்கி முகம் துலங்கிய படங்கள் எனக்குத் தவறானவை. அவற்றையெல்லாம் அவ்வப்போதே அழித்திருந்தேன்.

அப்படி ஒன்றை உப்பளத்து வரப்பில் அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “வே, இதுல நான் நல்லாருக்கேன்லா. ஒரு பிரிண்டு போட்டுத் தாரும்.”

“இது தப்பான படம் அண்ணாச்சி.”

“தப்பா இருந்தா என்னவே? மூஞ்சி என்னுதுதான?”

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

அவர் வீட்டிலும் படமில்லை. வீட்டுப் படங்களை எடுத்தவர் அவர். போன் கேமராவானாலும் உங்கள் கேமராவானாலும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர். நான் திரும்ப அழைத்து இல்லை என்று சொன்னபோது ஜெனிட்டாதான் என்னைத் தேற்றினாள். “பரவால்ல மாமா. ஆதார் கார்டு படத்த வச்சிக்கிடுதோம்.”

தெருமுனையில் அந்தப் போஸ்டரைப் பார்த்தீர்கள். உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோ அதட்டி உட்காரவைத்தது போன்ற முகம். உங்களில் ஒருவர் என்னிடம், “ஒங்ககிட்டயுமா சார் இல்ல?” என்று மெதுவாகக் கேட்டீர்கள். நான் மாலையின் நாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும் இதுதான் அதற்குப் பதில்.

அவர் இறந்தது லென்ஸ் என்னிடம் இருக்கும் வாரத்தில். முப்பதாம் நாள் பூசைக்கு அதைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனேன். போகுமுன் கேமராவில் வைத்திருந்த திருத்தத்தை நீக்கினேன். ஜெனிட்டா லென்ஸை வாங்கவில்லை. “அது ஒங்க ரெண்டு பேரு லென்சு. நீங்களே வச்சிக்கிடுங்க.”

எனக்காகக் கேட்க அங்கே ஆளில்லை. “ஒன்ன ஒரு படம் எடுக்கட்டுமாம்மா?” என்று நானே கேட்டேன்.

நான் சொல்லாமலே அவள், பூசைக்கு அச்சடித்த அப்பாவின் நினைவு அட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்தாள். “அப்பாவ இப்படித்தான நிக்க வைப்பீங்க?” என்று சிரித்தாள். அட்டையின் எழுத்தில் குறிவைத்தேன். லென்ஸ் கரகரவென்று ஓடி நின்றது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் எழுத்தும் வாசிக்க முடியவில்லை. அண்ணாச்சியின் மூக்கும் அண்ணாச்சியின் சிரிப்பும் மகளின் முகத்தில் இமைமயிர்வரை தெளிவாக இருந்தன. பிரிண்ட் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டேன்.

லென்ஸ் என்னிடம் இருக்கிறது. அதன் தவறும் இருக்கிறது. இனி அதைத் திருத்தமாட்டேன். அவர் பிடித்து நின்ற செய்தித்தாள்கள் அத்தனையும் இருக்கின்றன. அவர் முகம்தான் இல்லை.