அத்தை கொண்டு வந்த வாசல்

என் அத்தை தன் வீட்டு வாசலில் தலையை இடித்துக்கொண்டது ஆயுளில் ஒரே ஒரு தடவைதான். திருச்சி ஜெயிலிலிருந்து விடுதலையாகி வந்த அன்று. கையில் ஒரு மஞ்சள் பையோடு, தெருவே கூடி நின்று பார்க்க, விறுவிறுவென்று நடந்து வந்தவள், கூரையின் முன்பக்க மூங்கிலில் மடாரென்று மோதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிறுமியாக இருந்த நானும் சிரித்தேன். அத்தையும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். "அடி ஆத்தீ! குனியறதே மறந்துபோச்சு பாரேன்!" என்றாள். சொல்லி முடித்ததும் அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்து அந்த மூங்கிலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. பிள்ளை இல்லாதவள். அதனால் நான் பாதி நாள் அவள் வீட்டில்தான் கிடப்பேன். மன்னார்குடிக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் ஒரு மேட்டில் இருந்தது எங்கள் தெரு. தெருவில் அத்தனை பேரும் ஒரே பண்ணைக்கு நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைத்தவர்கள். வீடு நாங்கள் கட்டியது, வீட்டுக்கு அடியில் இருந்த மண் பண்ணையுடையது. எந்த வீட்டு வாசலும் பெரியவர்களின் நெஞ்சு உயரத்தைத் தாண்டாது. முதுகை வளைத்து, தலையை முதலில் நுழைத்து, அப்புறம் உடம்பை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். காற்றுக்கும் மழைக்கும் தாங்கத்தான் அப்படித் தாழ்வாகக் கட்டுகிறார்கள் என்று எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் சொல்வார். பண்ணை வீட்டுப் பக்கம் மட்டும் காற்றே அடிக்காது போலிருக்கிறது! உயர்த்திக் கட்டக் கூடாது என்று யாரும் தண்டோரா போடவில்லைதான். ஆனால் யாரும் உயர்த்திக் கட்டியதும் இல்லை. பிறந்ததிலிருந்து அப்படியே நுழைந்து பழகியவர்களுக்கு அது குனிவதாகவே தோன்றாது.

கோட்டையில் ஆட்சி மாறி, மேடைக்கு மேடை அழகான தமிழில் ஏழைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சு எங்கள் வரப்பு வரைக்கும் வந்து சேரவில்லை. கூலி நெல்லை உயர்த்து, குடியிருக்கும் மனையை எங்களுக்கே கொடு என்று ஊர் ஊராக ஊர்வலம் நடந்தது. எங்கள் தெரு நடவுப் பெண்களுக்கு முன்னால் அத்தை நின்றாள். போலீஸ்காரர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதுவரை அவள் பார்த்த உலகம் மன்னார்குடிக் கடைத்தெருவும் திருவாரூர்த் தேரும்தான். ஆகவே திருச்சிக்குப் போனதை அவள் கைதானதாகச் சொல்லவே மாட்டாள், பயணம் போனதாகத்தான் சொல்வாள். வேனின் கம்பி ஜன்னல் வழியாகக் காவேரியைப் பார்த்தாளாம். நம்ம ஊர் வாய்க்காலுக்குத் தாய் இவள்தானா என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். தட்டையான வயலையே பார்த்து வளர்ந்தவள் மலைக்கோட்டையைக் கண்டதும், அது மறைகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். கொசு, களி, அழுகை எல்லாம் இருந்திருக்கும். அதைக் கேட்டால், "அது கெடக்கு வுடு" என்பாள்.

"மாமியா வீடு எப்படிக்கா இருந்துச்சு?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சீண்டுவார்கள். அத்தைக்கு ரோஷம் வந்துவிடும். "எங்க மாமியா வீட்டுல நான் எந்தக் காலத்துலடி நிமிந்து நடந்தேன்? அங்க கதவெல்லாம் ஆள் ஒசரத்துக்கு மேல. கேட்டுலேர்ந்து கடைசி ரூமு வரைக்கும் நிமிந்தே போனேன், நிமிந்தே வந்தேன், தெரிஞ்சுக்க" என்பாள்.

வந்த பிறகு அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றை வடித்து வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள், வெளியே நின்று வாசலைப் பார்ப்பாள், உள்ளே போவாள், மறுபடி வருவாள். மாநாடு என்று யாராவது லாரி பிடித்தால் முதலில் ஏறுவது அவள்தான். நடவு முடிந்து கையில் ஏதாவது இருந்தால் பஸ் ஏறிவிடுவாள். திருவிடைமருதூர்த் தைப்பூசம், நாகப்பட்டினத்துக் கடல், எங்கேயாவது. போன இடத்தில் சாமியைப் பார்த்தாளோ இல்லையோ, வாசல்களைப் பார்த்துவிட்டு வருவாள். எந்த ஊர்த் தெருவில் எத்தனை பெரிய நிலை, எந்த வீட்டில் கதவு திறந்தே கிடந்தது என்று எனக்குக் கதை சொல்வாள். ஊர் சுற்றி என்று அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. மாமாவுக்கு மானம் போயிற்று. "பொம்பளைக்குக் காலு வீட்டுல தங்க வேணாமா?" என்று ஒருநாள் கத்தினார். "தங்கற மாரி வீடா இருந்தா தங்க மாட்டனாய்யா?" என்றாள் அத்தை. மாமா நல்ல மனுஷர். பயம் ஒன்றுதான் அவருக்கு நோய்.

ஒருநாள் மத்தியானம் மன்னார்குடி பஸ் எங்கள் ஊர் திருப்பத்தில் நின்றது. கூரைமேல் ஒரு மரச்சட்டம் கிடந்தது. இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் அத்தை பார்த்துப் பார்த்து எடுத்த நிலை. நான்கு சட்டமும் அடித்த முழு நிலை, மேல்சட்டத்தில் யார் வீட்டிலோ வைத்த மஞ்சள் பொட்டு அழியாமல் இருந்தது. கண்டக்டர் எரிச்சலோடு, "ஏம்மா, வழியெல்லாம் கேக்குறேன், வாயே தொறக்க மாட்டேங்குற. இது என்ன லக்கேஜுன்னு எழுதறது?" என்றார். "வாசலுங்க. எங்க வீட்டு வாசலு" என்றாள் அத்தை. பஸ்ஸே சிரித்தது. கயிற்றை அவிழ்த்து இறக்கிக் கொடுத்த கண்டக்டரும் கடைசியில் சிரித்துவிட்டார். அத்தை ஒரு முனையும் என் அப்பா ஒரு முனையுமாக வரப்பில் தூக்கி வந்தார்கள். அந்த வெற்றுச் சட்டத்துக்குள்ளே கொஞ்ச நேரம் வானமும் கொஞ்ச நேரம் நெல்வயலுமாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். இத்தனை வருஷம் கழித்தும் கண்ணை மூடினால் அது தெரிகிறது.

சுவரைக் களிமண் வைத்து உயர்த்தி, கூரையைத் தூக்கிக் கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி நிலையை நிறுத்தினார்கள். குலவை போட்ட வாய் மூடுவதற்குள் பண்ணையின் காரியக்காரர் வந்துவிட்டார். பண்ணைக்காக ஆள் ஏவி வேலை வாங்குகிறவர் அவர்தான். குடையை மடக்கி நிலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"யாரக் கேட்டு வெச்ச?"

மாமா தோளிலிருந்த துண்டை எப்போது இடுப்புக்கு இறக்கினார் என்றே தெரியவில்லை. "எடுத்துடறோங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடறோங்க" என்றார்.

அத்தை வாசலுக்குள் போய் நின்றுகொண்டாள். "எடுக்க முடியாதுங்க. குடியிருக்கற மனை குடியிருக்கறவங்களுக்குத்தான்னு சட்டம் வந்திருச்சாம். எங்களுக்குச் சொன்னாங்க."

"சட்டம் வந்து உனக்குச் சோறு போடுமா? நெலை நிக்கிற வரைக்கும் இந்த வீட்டுக்கு நடவும் கிடையாது, அறுப்பும் கிடையாது. அப்பறம் ஆளோட வந்து நானே பிடுங்கிப் போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

மாமா அன்று ஆடிய ஆட்டம்! ஒரு மரத்துண்டுக்காகக் குடியைக் கெடுத்துவிட்டாயே என்றார். இருக்கிற மண்ணும் போனால் எந்த ஆற்றங்கரையில் போய் உட்காருவது என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. சட்டம் என்பது காதில் விழுந்த சேதிதான், காரியக்காரர் கண்முன்னால் நின்ற ஆள். கடைசியில், "நீயும் ஒன் வாசலும்" என்று துண்டை உதறிக்கொண்டு களத்து மேட்டுக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டார். அத்தை அழுதாள். நான் பார்த்தேன். அழுதுகொண்டே நிலைக்குக் கீழே மண்ணை இன்னும் கெட்டியாக அடித்து இறுக்கினாள்.

நடவுக் காலம். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது, இன்னும் சில நாள் போனால் நடவுக்கு உதவாது. மறுநாள் பண்ணை வயலுக்குப் பாதிப் பெண்கள் போனார்கள். மீதிப் பேர், "அக்கா இல்லாம நாங்க எறங்கலைங்க" என்று கரையிலேயே நின்றார்கள். என் அம்மாவும் நின்றாள், அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லாமல்தான் நின்றாள். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து பார்த்தார்கள், அவர்களும் விஷயம் தெரிந்ததும் திரும்பிவிட்டார்கள். தெருவில் சண்டை, சாபம், பேச்சுவார்த்தை. அத்தை ஒரு இடத்தில் உட்காரவில்லை, ஆனால் அந்த வாசலைத் தாண்டிப் போகவும் இல்லை. பஸ் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவாள், அவ்வளவுதான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவள் ஊரை விட்டு நகராமல் கிடந்தது அந்த நாட்களில் மட்டும்தான். பிறகு ஒரு காலையில் காரியக்காரரின் ஆள் வந்து, தலையைச் சொறிந்துகொண்டே, "எல்லாரையும் வரச் சொன்னாங்க" என்றான். வாசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சட்டம் ஜெயித்ததா, நாற்று ஜெயித்ததா, எனக்குத் தெரியாது. நிலை நின்றது. அன்று சாயங்காலம் மாமாவும் களத்திலிருந்து வந்தார். தலைக்கு மேலே அத்தனை இடம் இருந்தும், பழைய மாதிரியே குனிந்து உள்ளே போனார். சாகும்வரை அந்த வாசலில் அவர் குனிந்துதான் போனார்.

அத்தை மட்டும் பாடுபட்டு வைத்த வாசலை வெளியே போவதற்கே அதிகம் பயன்படுத்தினாள். வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், ஒரு தடவை மெட்ராஸ்கூட. ஆனால் முன்பு போல அடுத்த வீட்டு வாசலைப் பற்றிப் பேசமாட்டாள். "எங்க போனாலும் நம்ம வீட்டு நெலை மாரி வராதுடி" என்று ஆரம்பித்துவிடுவாள், எனக்கே அலுத்துப்போகும். அவள் கால் எனக்கும் தொற்றிக்கொண்டது. நர்ஸ் வேலையில் ஊர் ஊராக மாற்றலாகி, பெட்டியைப் பிரிக்காமலே குடித்தனம் நடத்தி, இன்று தஞ்சாவூரில் மின்தூக்கி வைத்த கட்டடத்தில் இருக்கிறேன். மூன்று ஆள் உயர வாசலில் நுழையும்போதும் கை தானாக நெற்றிக்குப் போகிறது. என் மகள் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

கடைசியாக அத்தை கேட்டது திருச்சிதான். வாழ்நாளெல்லாம் நட்ட முதுகு அதற்குள் வளைந்துவிட்டிருந்தது. "அந்த ஜெயிலு வாசலை இன்னொரு தரம் காட்டுடி" என்றாள். கூட்டிப்போனேன். எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பெரிய கதவு, அவள் சொன்ன மாதிரியே ஆள் உயரத்துக்கு மேல்தான். ஆனால் அது திறக்கவே இல்லை. அதன் ஒரு மூலையில் இருந்த சின்னத் திட்டிக்கதவு வழியாகத்தான் ஆட்கள் போய் வந்தார்கள், ஒவ்வொருவரும் குனிந்து. இவளை ஏன் கூட்டி வந்தோம் என்று ஆகிவிட்டது. அத்தை டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நானும் இதுலதாண்டி குனிஞ்சு போயிருக்கேன். சுத்தமா மறந்துபோச்சு" என்றாள் மெதுவாக.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. விறைப்பாக இறங்கிய பெரிய அதிகாரி ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, தலையை முதலில் நுழைத்து, அப்புறம் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டார். அத்தை என் தொடையில் ஓங்கி அடித்தாள். "பாத்தியா! பாத்தியா! அவரும் குனியறாருடி!" டீ சிந்தச் சிந்தச் சிரித்தாள். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அத்தை வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. வாசல் முன்னால் நின்றவள், நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, முனகிக்கொண்டே முடிந்தவரை நிமிர்ந்தாள். முழுசாக முடியவில்லை. முதுகு கேட்கவில்லை. நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். அப்படியே உள்ளே போனாள். அவள் தலைக்கு மேலே, கையை நீட்டினாலும் எட்டாத அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏண்டி, நாளைக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"