கான்கிரீட் காத்திருந்த ஒன்றரை மணி நேரம்

பஞ்சாலையில் நூலின் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் எனக்குச் சிமெண்ட் பைத்தியம் பிடித்தது. ராஜபாளையத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு வழக்கமாக வருவது இரண்டு: ஒன்று கோயில் கமிட்டி, இன்னொன்று நாய் வளர்ப்பு. எனக்கு மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் செல்போனில், சிமெண்டைக் குழைத்துப் பூந்தொட்டி செய்வதைப் படம் பிடித்துப் போட்டிருந்தான். இரண்டு நிமிடத்தில் செய்து முடித்துச் சிரிக்க வேறு செய்தான்.

நான் முதல் தொட்டியைப் பிளாஸ்டிக் வாளியை அச்சாக வைத்து வார்த்தேன். வாளியை விட்டு வரமாட்டேன் என்று அது அடம்பிடித்தது. கடைசியில் வாளியைத்தான் அறுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதற்குச் சத்து கூடட்டுமே என்று மணலைக் குறைத்துச் சிமெண்டை அள்ளிப் போட்டேன். காய்ந்ததும் குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது. மூன்றாவது அருமையாக வந்தது. ஆனால் தூக்க ஆளில்லை. இன்றும் குளியலறை வாசலில்தான் கிடக்கிறது.

“செடிக்குத் தொட்டி செஞ்சியளா, நான் குளிக்கப் போகக் கூடாதுன்னு செஞ்சியளா?” என்று என் மனைவி கேட்டாள்.

அதன்பின்தான் அவளுக்கு மதுரையில் முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்தது. பத்து வருட வலி. ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஒருநாள் போனில் அவளே கேட்டாள்:

“பொறவாசல்ல காலை வெயில்ல செத்த நேரம் உக்கார, ஆடாம அசையாம ஒரு எடம் இருந்தாப் போதும். வீட்டுக்குள்ளயே கெடந்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்.”

தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்காதவள் கேட்டுவிட்டாள். கான்கிரீட் பெஞ்சு ஒன்று செய்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தால் அரை நாள் வேலை. ஆனால் கைவசம் கலை இருக்கும்போது கொத்தனார் எதற்கு?

என்ன கலவை போடுவது என்று டீக்கடையில் வாய்விட்டுக் கேட்டது என் தப்பு. ஒருவர் ஐம்பத்து மூன்று கிரேடு சிமெண்ட்தான் என்றார். அடுத்தவர், “அது பாலம் கட்டுறதுக்குல்லா! வீட்டுக்காரி என்ன லாரியா?” என்றார். இன்னொருவர் ஆற்று மணல் இல்லாவிட்டால் எல்லாம் மண்ணாங்கட்டி என்று எழுந்து போய்விட்டார். மூன்று பேரும் சொந்தமாக ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்தவர்கள் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்த பாய் ஒருவர் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். பஸ் ஏறிப் போய் அவரிடமே கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “யாரு உக்காரப் போறா அண்ணாச்சி?” என்பதுதான். டீக்கடையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: “சாதா சிமெண்டே போதும். அது ஒரு பங்கு, எம் சாண்ட் மணல் ஒண்ணரைப் பங்கு, அரை இஞ்சு ஜல்லி மூணு பங்கு. நடுவுல கம்பி வலை. தண்ணியக் கொறச்சு ஊத்துங்க. கலந்த உடனே கொட்டிப்புடணும். இறுகுன பொறவு தண்ணி ஊத்தி எளக்குனா சிமெண்டு செத்துப்போவும், ஆமா.”

“பாய், முப்பது வருசம் தரம் பாத்தவன் நான்” என்றேன்.

“அதுனாலதான் ரெண்டு தடவை சொல்லுதேன்” என்று மறுபடியும் சொன்னார்.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். பெஞ்சின் கால்களைச் செங்கல்லால் முன்பே கட்டியாயிற்று. உட்காரும் பலகையை வார்க்க மரச் சட்டமும் கம்பி வலையும் தயார். பங்கு பிசகாமல் அளந்து கலந்தேன். கையில் பிடித்தால் உருண்டை நின்றது, ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு கரண்டியை எடுத்தபோது, செட்டியார்பட்டியிலிருந்து மனைவியின் அண்ணன் மொபெட்டில் வந்து இறங்கினார்.

“மாப்ள! நிறுத்துங்க! மணி ஒம்போது அஞ்சு. ராகு காலம் பொறந்துட்டு. பத்தரை வரைக்கும் கைய வைக்காதிய.”

“கலந்தாச்சு மச்சான். இது ராகுவுக்காகக் காத்திருக்காது.”

“கலந்தது நல்ல நேரத்துலதான, அதுல தோசமில்ல. கொட்டுறதுதான் ஆரம்பம். உக்காரப் போறது யாரு? எந்தங்கச்சி. இப்பத்தான் கத்தி வச்ச காலு. பொறவு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவிய?”

ராகு காலத்தைக் கேலி பேசியே வயதானவன் நான். ஆலையில் எந்த மிஷினும் காலண்டர் பார்த்து ஓடியதில்லை. ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு எனக்குக் கேலி வரவில்லை. அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன நாளிலிருந்து, போன் மணி அடித்தாலே அவளுக்கு என்னவோ என்றுதான் ஓடிப்போய் எடுப்பேன். கரண்டியைக் கீழே போட்டேன்.

ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு இருவரும் இரண்டு காபி குடித்தோம். பத்தரைக்குச் சாக்கைத் தூக்கினால், கலவை ஆறிப்போன உப்புமா போலக் கிடந்தது.

“ஒரு செம்பு தண்ணி ஊத்துங்க, சரியாப் போவும்” என்றார் மச்சான்.

பாய் இரண்டு தடவை சொன்னது காதில் கேட்கத்தான் செய்தது. இருந்தும் ஊற்றினேன், இந்தக் கையால்தான் ஊற்றினேன். ஒன்று போதவில்லை, இரண்டாவது செம்பும் போயிற்று. கலவை நெகிழ்ந்து பளபளத்தது. மச்சான் சூடம் காட்டி முதல் சட்டியை அவர் கையாலேயே கொட்டினார். “என்னா மினுமினுப்பு!” என்று பூரித்துப் போனார்.

இரண்டு வாரம் சாக்கு நனைத்துப் பலகையைப் பதமாக்கினேன். இருவரும் தூக்கிக் கால்கள்மேல் வைத்தபோது பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. மனைவி வருகிற அன்று காலை, முதலில் நாம் உட்கார்ந்து பார்ப்போம் என்கிற அளவுக்காவது புத்தி வந்தது. உட்கார்ந்தேன். மொறுக் என்றது. அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். பலகை நட்டநடுவில் ஒடிந்து கம்பி வலையில் தொங்கியது.

தங்கையைப் பார்க்க வந்திருந்த மச்சான் ஓடிவந்து பார்த்தார். “நல்லவேளை, நேரம் பாத்துக் கொட்டுனோம்! இல்லன்னா அவ உக்காந்தபொறவுல்லா ஒடிஞ்சிருக்கும்!”

அடப்பாவி மனுஷா என்று கத்த வாயெடுத்தேன். வாசலில் கார் வந்து நின்றது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் நேராகப் புறவாசலுக்குத்தான் வந்தாள். ஒடிந்து கிடப்பதைப் பார்த்தாள். என் பின்புறத்து மண்ணையும் பார்த்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் அண்ணனிடம் திரும்பினாள். “எனக்கு ஆபரேசன் என்னைக்கு நடந்துச்சுண்ணே?”

“திங்கக்கிழமை.”

“காலைல எட்டு மணிக்கு உள்ள கொண்டு போனாவ. அன்னைக்கு யாராவது காலண்டரைப் பாத்தியளா?”

மச்சான் விரல்விட்டு எண்ணினார். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. அன்றைக்கிருந்த பயத்தில் எங்கள் இருவருக்கும் மணியே தெரியவில்லை.

“எனக்கு எதுத்தாப்புல கடிகாரம் இருந்துச்சு. பாத்துக்கிட்டேதான் படுத்திருந்தேன்” என்றாள். “எம்புட்டுப் பயமா இருந்துச்சு தெரியுமா?”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா நீங்க ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டிய. எனக்கு நடக்கணும்லா.”

போட்டிருக்க மாட்டேன்தான்.