மூலையில் ஆறு டைல்ஸ்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வீட்டு ஹாலில் டைல்ஸ் ஒட்டப் போனேன். பத்துக்குப் பத்து என்று நூறு டைல் வாங்கி வைத்திருந்தார். பிறகு ஆசை வந்து ஹாலை ஒரு பக்கம் மூன்று வரிசை, இன்னொரு பக்கம் இரண்டு வரிசை பெரிதாக்கினார். இன்னும் எத்தனை டைல் வேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை. ஒட்டுகிறவனுக்கு என்ன தெரியும்? அவரே ஐம்பது வாங்கினார். உடைசலுக்கு நாலைந்து சேர்த்து வாங்கச் சொன்னேன்.

“என் கணக்குல சேதாரமே கிடையாது” என்றார்.

ஒன்றுகூட உடையாமல் ஒட்டினேன். மூலையில் ஆறு டைலுக்கு இடம் காலி.

வாத்தியார் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். “ஏலே, ஆறு டைல்ஸை எங்கலே கொண்டு வித்த?”

அதே தெருவில் அடுத்து மூன்று வீட்டுக்கு வேலை பேசியிருந்தேன். திருடன் என்ற பெயரோடு எந்த வீட்டுக்குள் காலை வைப்பது?

தினமும் காலையில் வராந்தாவில் டியூஷன் எடுப்பார். இரண்டு அடைப்புக்குறிகளைப் பெருக்கினால் நாலு பெருக்கல் வரவேண்டும், ஒன்றை விட்டாலும் முட்டை என்று பிள்ளைகளை வறுத்தெடுப்பார். நாலு நாளாகக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அவர் சாக்பீஸையே எடுத்துத் தரையில் (x + 3)(x + 2) என்று எழுதினேன்.

“இதைப் பெருக்குங்க சார்.”

“எனக்கே பாடம் எடுக்கியாலே?” என்றார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “எக்ஸ் ஸ்கொயர், கூட்டல் அஞ்சு எக்ஸ், கூட்டல் ஆறு.”

“எக்ஸுக்குப் பத்து வைங்க. எக்ஸ் ஸ்கொயர் மொத வாங்குன நூறு. மூணையும் ரெண்டையும் கூட்டுனா அஞ்சு வரிசை, வரிசைக்குப் பத்துன்னு அம்பது. அதையும் வாங்கிட்டீய. மூணையும் ரெண்டையும் பெருக்குன ஆறு எங்க சார்?”

மூலையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் நீட்டினால் அங்கே மூன்றுக்கு இரண்டு என்று ஒரு துண்டு முளைக்கும். அதைத்தான் விட்டிருக்கிறார்.

“பைய பேசும்வே” என்று குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க பையவா பேசினீய? தெருவுல சொல்லுங்க. இல்லன்னா மூலையை நீங்களே ஒட்டிக்கிடுங்க.”

கிளம்புவதற்காகச் சிமெண்டுக் கரண்டியைக் கழுவ ஆரம்பித்தேன். மறுநாள் அந்த ஹாலில் ஜெபக்கூட்டம். வேறு வழியில்லாமல் வாசலுக்குப் போனார். எதிர்வீட்டு அம்மாவிடம் உரக்கச் சொன்னார். “இவன் ஒண்ணும் எடுக்கலை. கடைக்காரந்தான் ஆறு குறைச்சுக் குடுத்துட்டான்.”

கணக்கு வாத்தியார் அல்லவா, தப்பை எங்கே கொண்டு வைப்பது என்று தெரிந்திருக்கிறது.

கடையில் அதே நிறம் தீர்ந்துபோயிருந்தது. வெளிறிய ஆறு டைலை மூலையில் ஒட்டினேன். திரும்புகிற வழியில் கடையில் இறங்கி, நடந்ததைக் கடைக்காரரிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.