அவருக்கு அறுபத்தைந்து, எனக்கு அறுபது

மருத்துவர்கள் கேட்கும்போதெல்லாம், தயிர் வாளியின் மூடியைத் திறக்க முடியாமல் போன நாளில் எனக்கு நோய் தொடங்கியது என்று சொல்லுவேன். அதற்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். ஆனால் எனக்குத் தெரியவந்தது அன்றுதான்.

நான் அப்போது ஒரு கார்டெரியில் (குழந்தைகள் காப்பகம்) சமையல் செய்துகொண்டிருந்தேன். பெரிய வாளியில் தயிர் வரும். அதன் விளிம்பில் விரலைக் கொடுத்து நெம்பியபோது வலி மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை ஏறியது. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கோடை வந்தது. காலையில் கை விரல்கள் மடங்கவில்லை. திருமண மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டும் கழற்ற முடியவில்லை.

முடக்குவாதம் என்றார்கள் (உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச்சக்தி, வழி தவறித் தன் மூட்டுகளையே தாக்குகிற நோய்). வயதானால் வருகிற தேய்மானம் அல்ல இது. மூட்டுக்குள் ஓயாமல் எரிகிறது. அணைக்காமல் விட்டால் எலும்பை அரித்துவிடும். முதலில் தந்த மாத்திரைகள் இரண்டும் எனக்குச் சரிவரவில்லை. பிறகு வாரம் ஒருமுறை ஊசி. பயோலொஜிக் என்ற வகை (உயிரணுக்களில் தயாராகும் மருந்து, அந்த எதிர்ப்புச்சக்தியின் ஒரு பகுதியை மட்டும் தடுக்கும்). தொடையில் நானே போட்டுக்கொள்ளப் பழகினேன். சில வாரங்களில் காப்பகத்தில் மீண்டும் பாண்மா (ரொட்டி மாவு) குழைத்தேன். எனக்குக் குணமாகிவிட்டது என்றே நம்பினேன்.

ஊசி மிகவும் விலையான மருந்து. என் கணவர் அல்பிரட் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் குழுக் காப்புறுதி அதை ஏற்றுக்கொண்டது. அவருடைய காப்புறுதிக்குள் மனைவி என்ற முறையில் நானும் இருந்தேன். என் காப்பகத்தில் அப்படி எதுவும் இல்லை.

இனி எழுதப்போவதை, அறுபத்தைந்தை நெருங்குகிறவர்களும் அவர்களோடு வாழ்கிறவர்களும் கவனமாக வாசிக்கவேண்டும்.

மொன்றியல் இருக்கிற இந்த மாகாணத்தில் நம்மிடம் இருக்கிற அட்டையை எல்லோரும் சூரிய அட்டை என்கிறோம். அதில் ஒரு சூரியன் இருக்கிறது. அதைக் காட்டினால் மருத்துவரைப் பார்க்கலாம், ஆஸ்பத்திரியில் படுக்கலாம். ஆனால் மருந்துக்கடையில் வாங்கும் மருந்துக்கு வேறு காப்புறுதி. ஒன்றில் வேலையிடத்துத் தனியார் காப்புறுதி, இல்லையென்றால் அரசின் மருந்துத் திட்டம். ஒருவருக்கு அறுபத்தைந்து ஆனதும் அரசு அவரைத் தன் திட்டத்தில் தானாகவே சேர்த்துக்கொள்ளும். தனியார் காப்புறுதியைத் தொடர்வதா, விடுவதா என்பதை அவர் முடிவு செய்யவேண்டும். இவ்வளவும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அல்பிரட்டுக்கு அறுபத்தைந்து வந்தது, ஓய்வுபெற்றார். தொழிற்சாலையில், விரும்பினால் காப்புறுதியைத் தொடரலாம், ஆனால் முழுக்கட்டணமும் நீங்களே கட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். சாப்பிடும்போதுதான் எனக்குச் சொன்னார்.

"அறுபத்தஞ்சு ஆனா அரசாங்கம் பாக்குமப்பா. பேந்து ஏன் கொம்பனிக்குக் கட்டுவான்?"

"என்ரை ஊசி?"

"அதுவும் மருந்துதானே."

எனக்கு அப்போது அறுபது. அந்த ஐந்து வருட வித்தியாசத்தை நாங்கள் இருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஊசி வாங்கப் போனேன். எங்கள் மருந்துக்கடைக்காரப் பெண் பல வருடப் பழக்கம். கணினியைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை என் அட்டையைக் கேட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "உங்கள் பெயரில் எந்தக் காப்புறுதியும் இல்லை, மடாம்." எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் இருக்கிற மகள் நிர்மலா அரசு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அவளுக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு.

"அம்மா, அப்பா மட்டும்தான் தானாச் சேர்ந்திருக்கிறார். உங்களுக்கு இன்னும் அறுபத்தஞ்சு ஆகேல்லை. நீங்கள் வேறயாச் சேர்ந்திருக்க வேணுமாம்."

"இப்ப சேரலாமோ?"

"ஓம், சேர்த்திட்டினம். ஆனா ஊசி வேற கதையாம்."

அரசுத் திட்டத்தில் சில மருந்துகள் விதிவிலக்கு மருந்துகள். மருத்துவர் காரணம் காட்டி அனுமதி பெற்றால்தான் கிடைக்கும். ஊசி தொடங்குமுன் நோய் எவ்வளவு மோசமாக இருந்தது, எந்த மாத்திரைகள் தோற்றன, ஊசியால் எவ்வளவு குறைந்தது என்று காட்டவேண்டும். எனக்கு ஊசி தொடங்கிய மருத்துவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். பழைய குறிப்புகள் அவர் இருந்த ஆஸ்பத்திரியில். புதிய மருத்துவரிடம், நான் நன்றாக இருந்த காலத்துக் குறிப்புகள் மட்டும்தான். அவர் தன் கையில் இருந்ததை எழுதி அனுப்பினார்.

தொழிற்சாலைக் காப்புறுதிக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தோம். அல்பிரட் நேரில் போய்க் கேட்டார். விட்டவர்கள் திரும்பச் சேர முடியாது என்றார்கள். வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றார்.

ஊசி இல்லாமல் முதல் இரண்டு வாரம் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் வலது மணிக்கட்டு சுட்டது. பிறகு முழங்கால். பிறகு தாடை. தாடைக்கும் மூட்டு இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பாணைப் பாலில் நனைத்து விழுங்கினேன். மருத்துவர் பிரெட்னிசோன் தந்தார் (வீக்கத்தை விரைவில் தணிக்கும் ஸ்டிரொயிட் மாத்திரை). முகம் ஊதியது, நித்திரை போனது, இரத்தத்தில் சீனி ஏறியது, வலி கொஞ்சம் விலகி நின்றது.

நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. மொன்றியலின் பழைய வீடுகளைப்போல, வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டு. மார்கழியில் அதில் பனி உறைந்துவிடும். முழங்கால் வீங்கியபிறகு நான் கீழே இறங்கவில்லை. பூசைக்குப் போகவில்லை. காப்பகத்தில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். யன்னலால் எதிர் வீட்டின் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனிதர்கள் யோசிக்காமல் இறங்கி ஏறினார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் என்னையே பயமுறுத்தியது.

நத்தாருக்கு (கிறிஸ்துமஸ்) முந்திய வாரம் ஒரு மத்தியானம். அல்பிரட் பங்கு மண்டபத்தில் குடில் கட்டப் போயிருந்தார். நான் குளியலறைக்குப் போனேன். வெளிக்கதவால் வரும் குளிருக்குப் பயந்து, பழக்கத்தில் கதவைச் சாத்தினேன். பூட்டவில்லை. வெறுமனே சாத்தினேன்.

கதவின் பிடி உருண்டையாக, வழுவழுப்பாக இருந்தது. அதைத் திருக என்னால் முடியவில்லை. ஒரு கையால் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். துவாயைச் சுற்றினேன். அது வழுக்கிக்கொண்டு சுழன்றது, பிடி அசையவில்லை. முழங்கையால் தட்டினேன். கதவு உள்ளே இழுத்துத் திறக்கிற கதவு, தள்ளியும் பயனில்லை. பெலத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். தாடை நொந்தது. கீழ்வீட்டார் வேலைக்குப் போயிருந்தார்கள்.

குளியல்தொட்டி விளிம்பில் இருந்தேன். எல்லாம் சிறியதாகிக்கொண்டே வந்திருப்பதை அங்கே இருந்தபோது உணர்ந்தேன். முதலில் வேலையிடம் போனது, பிறகு தெரு, பிறகு கோயில், பிறகு படிக்கட்டு. இப்போது இந்த ஓடுகள் பதித்த நாலு சுவர். இதற்குள்ளும் இன்னும் சிறிய ஓர் இடத்தில், என் தோலுக்குள், நான் அடைபட்டிருந்தேன். அதற்குக் கதவே கிடையாது.

அப்போது தொலைபேசி அடித்தது. அடித்து ஓய்ந்து, பதிவுக் கருவி எடுத்துக்கொண்டது. மருத்துவரின் உதவியாளர் குரல், பிரெஞ்சில். கதவினூடாகத் தெளிவாகக் கேட்டது. அனுமதி விண்ணப்பம் திரும்பி வந்திருக்கிறது. பழைய விவரங்கள் போதாது. மருத்துவர் விடுமுறைக்குப் போகிறார். நாலு மணிக்கு முன் தயவுசெய்து கூப்பிடுங்கள். மெர்சி, மடாம்.

நான் எழுந்து பிடியைத் திரும்பவும் பிடித்தேன். பல்லால் துவாயைக் கடித்து இழுத்துக்கொண்டு திருகினேன். மணிக்கட்டுக்குள் ஏதோ பிசகியது. கண் இருட்டியது. பிறகு முயற்சி செய்யவில்லை. அழவும் இல்லை. யன்னல் கண்ணாடியில் வெளிச்சம் மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணி எப்போது கடந்தது என்று எனக்குத் தெரியாது. கடந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

அல்பிரட் வந்து, "இஞ்சாரும், எங்க நிக்கிறீர்?" என்று கேட்டுக்கொண்டு வீடெல்லாம் நடந்தார். அவர் தானாகவே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். கதவைத் திறந்தவர் என்னையும், நிலத்தில் கிடந்த துவாயையும், கதவுப் பிடியையும் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா?"

"தொலைபேசியைக் கேளுங்கோ."

கேட்டுவிட்டு வந்து குளியலறைத் தரையில் அப்படியே இருந்துவிட்டார். குளிர்ச்சட்டைகூடக் கழற்றவில்லை. முழங்காலில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"நான் நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்தனான்."

"தெரியும். ஆனா என்னைக் கேட்டிருக்கலாம். என்ரை உடம்பெல்லோ."

அவர் தலையாட்டினார். நாற்பது வருடத்தில் நான் அவரிடம் குரலை உயர்த்தாமல் சொன்ன மிகக் கடுமையான சொல் அது.

மறுநாள் வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்காமலே எல்லாக் கதவுகளின் உருண்டைப் பிடிகளையும் கழற்றிவிட்டு, முழங்கையால் அமத்தித் திறக்கிற நீட்டுப் பிடிகளைப் பூட்டினார். பிறகு பழைய ஆஸ்பத்திரிக்குப் போனார். பதிவேட்டுப் பகுதியில் என் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாடி ஏறி வந்தார். பேனாவை என்னால் பிடிக்க முடியவில்லை. விரல்களுக்கிடையில் செருகி, முழுக்கையையும் அசைத்து ஒரு கோடு இழுத்தேன். அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனார். குறிப்புகள் கிடைத்தன. என் மருத்துவர் இல்லை. ஆனால் அதே கிளினிக்கில் விடுமுறைக் காலத்தில் அவருக்குப் பதிலாக நின்ற இன்னொரு மருத்துவரின் அறைக்கு வெளியே, வருகிற நோயாளிகள் எல்லாம் போகும்வரை இருந்திருக்கிறார். அல்பிரட்டின் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மா ஃபாம், லெ மான், ஃபினி எண்டனான்." என் மனைவி, கைகள், முடிந்தது. அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்.

அந்த மருத்துவர் பழைய குறிப்புகளைச் சேர்த்து மீண்டும் அனுப்பினார். தை மாதத்தில் அனுமதி வந்தது. ஊசியை நிர்மலா வந்து போட்டுவிட்டாள். அது உடம்பில் வேலை செய்யத் தொடங்கியபோது படிக்கட்டில் பனி உருகிக்கொண்டிருந்தது.

என் மருத்துவர் புதிய எக்ஸ்றே படங்களைக் காட்டினார். வலது மணிக்கட்டில் எலும்பு அரித்த இடங்கள் இருந்தன. "இது திரும்பி வளராது. இனி அரிக்காமல் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நேராகச் சொன்னதற்கு நன்றி சொன்னேன். அந்தக் கையின் கடைசி இரண்டு விரல்களும் இன்றும் முழுதாக நிமிர்வதில்லை. காப்பகத்துக்கு நான் திரும்பிப் போகவில்லை. கோடையில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்து மாறினோம்.

அல்பிரட் இப்போது பங்கில் கொஞ்சம் தொல்லையான ஆள். பூசை முடிந்து யாராவது ஓய்வுபெறப்போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், கையைப் பிடித்துக்கொள்வார். "கையெழுத்து வைக்க முன்னம் மனுசியின்ரை வயசைப் பாருங்கோ, மனுசியின்ரை மருந்தைப் பாருங்கோ." சிலர் அவரைக் கண்டால் மற்றக் கதவால் போகிறார்கள். சிலர் வீட்டுக்கு வருகிறார்கள்.

போன மாதம் லவாலிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அண்ணைக்கு ஓய்வு நெருங்குகிறது. அவர் மனைவிக்குச் சிறுநீரகப் பிரச்சினை, வயது ஐம்பத்தெட்டு. அண்ணை அல்பிரட்டோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னேன். உங்கள் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருந்துக்கடைக்குக் கொண்டுபோங்கோ. அரசுத் திட்டத்தில் எது சாதாரண மருந்து, எது விதிவிலக்கு மருந்து என்று கேளுங்கோ. விதிவிலக்கு என்றால், பழைய காப்புறுதி இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லி அனுமதியை எடுத்துவையுங்கோ. விட்டால் திரும்பிச் சேரலாமா என்று கேளுங்கோ. விதிகள் மாறும், ஆகையால் நான் சொன்னதை நம்பி இராமல் நீங்களே கேளுங்கோ.

"இவர் எல்லாம் பாப்பார்தானே, அக்கா" என்றார் அவர்.

"பாப்பார். ஆனா நோவு உங்களுக்குத்தான்" என்றேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் எழுத முடியாது. மருந்து நின்றால் நான் எங்கே திரும்பிப் போவேன் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அனுமதி முடியும் மாதம் நெருங்கும்போது நித்திரை குறையும். முன்பு என் உடம்பு நான் வாழ்கிற வீடு என்று நினைத்திருந்தேன். இப்போது வாடகைக்கு இருப்பதுபோல்தான் இருக்கிறேன்.

காலையில் கண் விழித்ததும் நான் எழும்புவதில்லை. போர்வைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பேன். பெருவிரல் முதலில் வரும், மோதிரவிரல் கடைசி. சில நாட்களில் விரைவாக வந்துவிடும். சில நாட்களில் வெளியே பள்ளிக்கூட பஸ் வந்து போன பிறகும் வராது. முப்பது வருடம் விடியுமுன் எழுந்து தொழிற்சாலைக்கு ஓடிய அல்பிரட், பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார்.

"வந்திட்டுதோ?" என்று கேட்பார்.

"இன்னும் இல்லை" என்பேன்.

"சரி" என்பார். நாங்கள் இருவரும் அப்படியே படுத்திருப்போம்.